கிழங்கர் கழற்றிய கடையாணி

பண்டத்தரிப்பிலிருந்து சுன்னாகம் வரைக்கும் கிழங்கரை ஏசாமல் ஒரு குசினியிலும் அடுப்பு மூண்டதில்லை. நெருப்பு ஊதும்போது ஒரு தரம், உலை கொதிக்கும்போது ஒரு தரம், சட்டி கழுவிக் கவிழ்க்கும்போது மிச்சம் மீதி. ஏச்சு வாங்குவதற்கென்றே கடவுள் ஒரு மனிதரை மண் பிசைந்து செய்தார் என்றால் அது இவர்தான். எல்லாரும் வாய் திறந்து ஏசித் தீர்த்துக்கொண்டார்கள். நான் வாய் திறவாத பிள்ளை. அதனால் என் பங்கு ஏச்சு முழுவதும் செலவாகாமல் அப்படியே கிடக்கிறது. இந்த வயதிலாவது எழுதித் தீர்க்காவிட்டால் வேறு எப்போது தீர்ப்பது?

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். ஊர்ப் பதிவு வைத்திருந்த விதானையாருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் கிழங்கர். கட்டையான மனிதர். பெண்சாதி பிள்ளை கிடையாது. முழங்காலுக்குக் கீழே எந்நேரமும் செம்மண். குளித்தாலும் அது போகாது. குளிப்பாரா என்பது வேறு கதை. தன் காணித் துண்டில் அலவாங்கு போட்டுக் கிண்டிய கிழங்குகளை இரண்டு பனையோலைக் கடகத்தில் நிரப்பி, ஒரு தடியின் இரண்டு பக்கமும் கட்டித் தோளிலே காவிக்கொண்டு வருவார். மரவள்ளி, இராசவள்ளி, வத்தாளை, கரணை, சேம்பு, காலத்துக்குப் பனங்கிழங்கு. மண்ணுக்கு மேலே விளைந்த ஒரு சாமானும் அந்தக் கடகத்துக்குள் இருக்காது. ஏனென்றால் மண்ணுக்கு மேலே விளைகிற எதையும் அவர் மதிப்பதில்லை.

"கிழங்கண்ணை, கத்தரிக்காய் கொண்டு வரக்கூடாதோ?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"கத்தரிக்காயோ? அதுக்கு வெக்கம் இருக்கோ பிள்ளை? போறவாற ஆக்களெல்லாம் பாக்கத் தொங்கிக்கொண்டு நிக்குது. மானமுள்ள சாமான் மண்ணுக்குள்ளை கிடக்கும்."

மாம்பழம் அவருக்கு ஆட்டக்காரி. நெல்லு காற்றுக்குத் தலையாட்டுகிற சாமான். கச்சானிலே, அதுதான் நிலக்கடலையிலே, மட்டும் அவருக்கு ஒரு பட்சம் உண்டு. "பூத்தது மேலைதான். பேந்து புத்தி வந்து கீழை போச்சு. திருந்தின பிள்ளை" என்பார். வெங்காயத்தை அவரால் தாங்கவே முடியாது. "பாதி உடம்பை வெளியிலை வைச்சுக்கொண்டு விடுப்புப் பாக்குது. மேலையுமில்லை, கீழையுமில்லை." இதைச் சுன்னாகச் சந்தைக்கு நடுவிலே, வெங்காயக் குவியல்களுக்கு முன்னாலே நின்று சொல்லுவார். அந்த வெங்காயக்காரர்கள் அவரை அடிக்காமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? மனிதர்களுக்கும் கிழங்குப் பேர் வைக்கத் தொடங்கினார். கேட்டு வைத்தாரா? இல்லை. வேலிவாசல் படலையில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு ஆளை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார். அவ்வளவுதான், பேர் விழுந்துவிடும். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த ஒரு பெரிய மனிதர் அவருக்கு உருளைக்கிழங்கு. "கப்பலிலை வந்தது. உருண்டையா வடிவா இருக்கும். எங்கடை மண்ணிலை வேர் பிடியாது." எங்கள் ஐயா ஒல்லியானவர், அதிகம் கதைக்கமாட்டார். அவருக்கு ஒடியல் என்று பேர். பனங்கிழங்கைக் கிழித்துக் காய வைத்தால் வருகிற ஒடியல். அம்மாவுக்கு இராசவள்ளி என்று பேர் வைத்தார், அதுதான் அவருடைய கடகத்திலே விலை கூடியது. அதனால் அம்மா மற்றவர்களைப் போல அவ்வளவு கடுமையாக ஏசமாட்டார். இதுவும் எனக்கு ஒரு கோபம்.

நான் ஆட்களைக் கண்டால் கிணற்றடிப் பக்கம் ஒளிந்துகொள்வேன். என்னைச் சேம்பு என்றார். "ஈரத்திலை, நிழலிலை, ஒருத்தருக்கும் தெரியாமல் நிக்கிறது சேம்புதானே." அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் முழு வகுப்பும் என்னைச் சேம்பு என்றது. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் விட்டதற்குக் காரணம் வேறு. ஆனாலும் அந்தப் பேர் இல்லாவிட்டால் கடைசி நாளில் கொஞ்சம் அழுதிருப்பேன்.

என்னுடையது போகட்டும். எங்கள் அக்காவுக்குக் கரணை என்று வைத்தாரே, அதைத்தான் நான் பொறுக்கமாட்டேன்.

கரணைக்கிழங்கைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். வெறுங்கையால் தோல் சீவினால் கை கடிக்கும். புளி விடாமல் அவித்தால் தொண்டை கடிக்கும். எங்கள் அக்காவின் வாயும் கொஞ்சம் அப்படித்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. பாலிலே தண்ணீர் கலந்து கொண்டுவந்த மனிதரிடம், "அண்ணை, நாளைக்குப் பாலை ஒரு செம்பிலையும் தண்ணியை ஒரு செம்பிலையும் கொண்டு வாங்கோ, நாங்களே கலக்கிறம்" என்றவள். பொய் சொல்லமாட்டாள். சொல்லுகிற உண்மையைச் சூடு ஆறமுன் சொல்லிவிடுவாள். அதை ஊரெல்லாம் பேராக்கித் திரிவதா? அதுவும் கலியாண வயது வந்து, கடந்துகொண்டும் இருக்கிற ஒரு குமர்ப்பிள்ளையை?

நடந்ததைக் கேளுங்கள். மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சாதகக் குறிப்பும் நல்ல பொருத்தம். மாப்பிள்ளை வீட்டார் வண்டிலில் வந்து, எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை முகப்பில் நின்று, பெண் எப்படி என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கிறார்கள். விசாரிக்க ஊரிலே வேறு ஆள் கிடைக்கவில்லை. கடகத்தோடு வந்த கிழங்கரிடம் கேட்டார்கள்.

"ஆர், எங்கடை கரணையோ? அருமையான சாமான். புளி விட்டு அவிக்கத் தெரிஞ்சவன் எண்டால் தாராளமாக் கொண்டு போகலாம்."

வண்டில் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விட்டது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்துக் காத்திருந்த எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரியவந்தது. அம்மா அழுதார். அக்கா அழவில்லை. அவள் அழாததுதான் எனக்கு என்னவோ செய்தது.

இனி அந்த ஆளிடம் ஒரு கிழங்கும் வாங்குவதில்லை என்று அம்மா சத்தியம் செய்தார். சத்தியம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. உலக யுத்த காலம் அது. பர்மா அரிசி வருவது நின்றுபோய், கூப்பனுக்குக் கிடைத்ததை அளந்து அளந்து உலையில் போட்ட காலம். ஒருநேரச் சாப்பாடு கட்டாயம் மரவள்ளிதான். மரவள்ளி வேண்டுமென்றால் கிழங்கர் வேண்டும். அவருக்கும் அது தெரியும். அதனாலேதான் அடுத்த அநியாயத்தைத் தொடங்கினார்.

மரவள்ளி தின்ற அன்றைக்கு இஞ்சி சேர்க்கக்கூடாது, சேர்த்தால் நஞ்சாகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். கிழங்கர் மட்டும் அது தனக்கு மட்டுமே தெரிந்த மாதிரி நடப்பார். மரவள்ளி வாங்கின வீட்டிலே இஞ்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்! அடுத்தநாள் காலையில்தான் திருப்பித் தருவார்.

"அண்ணை, எங்களுக்குத் தெரியாதே? நாங்கள் என்ன, நேற்றே பிறந்தனாங்கள்?"

"தெரியும் பிள்ளை. கைக்குத் தெரியாது. கை தன்ரை பாட்டுக்கு எடுத்துப் போட்டிடும். தா."

"தாறதுக்கு இது என்ன, அடகோ?"

"அப்ப கிழங்கைத் தா, நான் போறன்."

இப்படிப் பிடித்துவைத்துப் பறித்த இஞ்சியை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஓலைத்துண்டில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டு போவார். ஒரு வீட்டு இஞ்சி இன்னொரு வீட்டுக்கு மாறினது கிடையாது, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதோடு விடுவாரா? பின்னேரம் திரும்பி வருகிற வழியில் குசினி வாசலில் வந்து நின்று மூக்கை உயர்த்தி மணந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் இஞ்சியை மாட்டுக்கொட்டிலிலே வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார். கிழங்கர் மாட்டுக்கொட்டிலுக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்தார். "மாடும் மரவள்ளி இலை தின்னுறது பிள்ளை" என்று மாமிக்குப் புத்தி வேறு. மாமி அன்று ஏசிய ஏச்சுக்கு வேலியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. கிழங்கர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

இந்தக் காலத்தில்தான் அக்காவுக்குச் சுன்னாகத்திலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை தகப்பன் இல்லாதவர். தாயும் மூன்று பையன்களும், மூத்தவர் இவர். வெங்காயத் தோட்டம். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். தாயும் தாயின் அண்ணனும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்: "எங்களுக்காகக் கூப்பன் அரிசியை வீணாக்க வேண்டாம். கிழங்கு அவிச்சு ஒரு கோப்பி தந்தால் காணும்." இப்படிச் சொல்லி அனுப்புகிற மனிசி நல்லவராகத்தான் இருக்கவேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஐயா ஒருநாளும் இல்லாதவாறு இரண்டு வசனம் கதைத்தார்: "இது தவறினால் பிறகு கஷ்டம். நாங்கள் கவனமா இருப்பம்."

அம்மா கவனமாகத்தான் இருந்தார். அன்று காலை கிழங்கர் படலைக்கு வந்ததும், அவர் கேட்கமுன்னமே வீட்டில் இருந்த இஞ்சி முழுவதையும் கொண்டுபோய் நீட்டினார்.

"இந்தாங்கோ அண்ணை."

கிழங்கர் இஞ்சியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "நான் இன்னும் கேக்கேல்லையே பிள்ளை."

"கேக்க முந்தித் தாறன். பின்னேரம் பெரிய பிள்ளையைப் பாக்க ஆக்கள் வருகினம். உங்களைக் கும்பிட்டன், இண்டைக்கு மட்டும் இந்தப் பக்கம் வந்து மணக்காதையுங்கோ."

"எவடத்து ஆக்கள்?"

"சுன்னாகம்."

"என்ன செய்யினம்?"

அம்மா யோசிக்காமல் சொல்லிவிட்டார். "வெங்காயத் தோட்டம்."

கிழங்கர் நெஞ்சிலே கை வைத்தார். "ஐயோ! எங்கடை கரணையைக் கொண்டுபோய் வெங்காயத்துக்கோ!"

அவர் போய்விட்டார். ஆனால் கேளாமல் இஞ்சி வந்தது அவர் மனதைக் குடைந்திருக்கிறது. கேளாமல் ஒன்றைத் தருகிறவள் இன்னொன்றை ஒளித்து வைத்திருப்பாள் என்று அவர் கணக்குப் போட்டதை நாங்கள் அறியவில்லை.

பின்னேரம் கூடார வண்டில் வந்தது. முதலில் இறங்கியவர் தாயின் அண்ணன். சரிகைச் சால்வை, பெரிய குரல். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய் இறங்கினார். பாரமான உடம்பு, வெயிலில் வாடின முகம். விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினோம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெயிலுக்கை வந்தது, களைப்பா இருக்கோ?" என்று அம்மா அந்தத் தாயைக் கேட்டார்.

"அவவுக்கு ஒரு களைப்புமில்லை" என்றார் அண்ணன்.

"தண்ணி கொஞ்சம் தரட்டோ?"

"அவ உப்பிடி நேரத்திலை தண்ணி குடிக்கிறேல்லை."

அந்த மனிசி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார். எதைக் கேட்டாலும் மறுமொழி அண்ணனிடமிருந்துதான் வந்தது. தோட்டத்தில் எப்போது வெங்காயம் கிண்டுவது, எந்தப் பையன் எங்கே போவது எல்லாம் தன் சொல்தான் என்று அவரே பெருமையாகச் சொன்னார். தான் ஒரு தரம் செருமினால் மருமக்கள் மூன்றுபேரும் எழும்பி நிற்பார்களாம். நான் அக்காவை நினைத்தேன். அக்கா குசினிக்குள் தலை குனிந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அவித்த மரவள்ளியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கக்கூடாது என்று அம்மா அன்று காலையே கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார்.

மரவள்ளியும் சம்பலும் சாப்பிட்டார்கள். தேங்காய்ப் பாலில் காய்ச்சிய இராசவள்ளிக் கஞ்சி குடித்தார்கள். அக்கா வந்து கோப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்போதுதான் அந்தத் தாய்க்கு இருமல் வந்தது, வண்டில் புழுதியாக இருக்கும். மடியிலிருந்து சின்ன ஓலைக் கொட்டைப்பெட்டியை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு துண்டு வேர்க்கொம்பை எடுத்துக் கடித்து, கோப்பியோடு விழுங்கினார். வேர்க்கொம்பு என்றால் காய்ந்த இஞ்சிதான்.

அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "ஐயோ, இப்பத்தானே மரவள்ளி..."

"அவ எப்பவும் வேர்க்கொம்பு கடிக்கிறவ" என்றார் அண்ணன்.

வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தத் தாய் வாய் திறந்தார். "காஞ்சதிலை பிழையில்லைப் பிள்ளை. எங்கடை பக்கம் பச்சை இஞ்சிதான் கூடாது."

எங்கள் பக்கத்தில் பச்சையும் கூடாது, காய்ந்ததும் கூடாது. ஆனால் சம்பந்தம் பேச வந்தவரோடு இதற்கு வழக்குப் பேசலாமா? அம்மா கையைப் பிசைந்துகொண்டார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். படலை கிறீச்சிட்டது.

கிழங்கர்!

முற்றத்துக்கு நடுவில் வந்து நின்று மூக்கை உயர்த்தினார். "ஆர் இஞ்சை வேர்க்கொம்பு கடிச்சது?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து அந்தத் தாயின் முகத்தில் நின்றார்.

"தாயே, மரவள்ளி சாப்பிட்டனீங்களோ?"

"ஒரு துண்டு..." என்றார் அவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"ஆர் உவன்?" என்று அண்ணன் எழும்பினார். "குசினிப் பக்கம் போய்க் கேளடா, மிச்சம் ஏதும் இருந்தால் தருவினம்."

கிழங்கர் அவரைக் கவனிக்கவேயில்லை. "தாயே, இருந்த இடத்தை விட்டு அசையாதையுங்கோ. பொழுதுபட மட்டும் பாக்கவேணும். வண்டில் குலுக்கினால் நஞ்சு தலைக்கு ஏறிப்போடும்." சொல்லிவிட்டு நேரே வண்டிலடிக்குப் போனார். குனிந்தார். சில்லுக் கழன்று விழாமல் அச்சிலே செருகியிருக்கிற கடையாணியை உருவியெடுத்து மடியில் கட்டிக்கொண்டார். வண்டில்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கடகத்தைக் கவிழ்த்துப் போட்டுப் படலையின் வாயிலே அதன்மேல் குந்திக்கொண்டார்.

உலகத்திலே எங்காவது இப்படி நடந்ததுண்டா? பெண் பார்க்க வந்தவர்களை ஒரு கிழங்கு வியாபாரி சிறைபிடித்து வைப்பதா?

அண்ணன் குதித்தார். ஆணியைத் தா என்றார், உன்மேல் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு ஏற்றுவேன் என்றார். கிழங்கர், "ஏத்துங்கோ. பொழுதுபடட்டும், நானே நடந்து வாறன்" என்றார். அண்ணன் எங்கள் ஐயாவிடம் திரும்பினார்.

"விசரனைப் படலையிலை கட்டி வளக்கிற வீட்டிலை எங்களுக்கு என்ன சம்பந்தம்? வேண்டாம்! ஒண்டும் வேண்டாம்! தங்கச்சி, எழும்பு. நடந்தெண்டாலும் போவம்."

சுன்னாகம் வரைக்கும் அந்த உடம்போடு நடப்பதா! அந்தத் தாய் எழும்ப முயன்று, மறுபடியும் இருந்துவிட்டார். ஐயா சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினார். முடிந்துபோயிற்று. இனி எங்கள் ஒழுங்கைக்கு எந்த வண்டிலும் வராது.

அப்போது அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தாள். தலை குனியவில்லை. ஆண்கள் நிற்கிற முற்றத்தைக் கடந்து நேரே படலைக்குப் போனாள்.

"இஞ்சேருங்கோ! எனக்குப் பேர் வைச்சியள், பொறுத்தன். வந்த சம்பந்தத்தை ஒழுங்கையிலை வைச்சுத் திருப்பிவிட்டியள், அதையும் பொறுத்தன். எங்கடை குசினிக்குள்ளை வந்து மணந்தியள், பொறுத்தன். இண்டைக்கு வீடு தேடி வந்த மனிசியை, என்ரை தாயின்ரை வயசிலை இருக்கிறவவை, களவெடுத்தவளைப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்." இங்கே 'நீங்கள்' போய் 'நீர்' ஆயிற்று. "நீர் ஆர் காணும்? உமக்கு ஒரு வீடு வாசல் இல்லையெண்டால் எங்கடை வீட்டையும் குலைக்க வேணுமோ? கரணைக்குத்தான் தோல் தடிப்பெண்டு நினைச்சன். உமக்கு அதிலும் தடிப்பு! எடும் ஆணியை!"

கிழங்கர் மேற்கே பார்த்தார். "பொழுதுபட இன்னும் கிடக்குப் பிள்ளை. நீ ஏசு. நான் இஞ்சைதானே இருக்கிறன்."

"பாத்தியோ தங்கச்சி!" என்று அண்ணன் கை தட்டினார். "உதுதான் பொம்பிளை! வாயைப் பார்! நல்ல காலம், முந்தித் தெரிஞ்சுது."

அக்கா அந்த மனிதர் பக்கம் திரும்பினாள். அம்மா, "ஐயோ பிள்ளை, வேண்டாம்" என்றது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

"ஐயா, நீங்கள் பெரியவர். சம்பந்தம் வேண்டாமெண்டால் வேண்டாம். ஆனால் எங்கடை ஐயா ஒருத்தருக்கும் ஒரு குறை செய்யாதவர், அவரைச் சொல்லாதையுங்கோ. நஞ்சு ஏறுது எண்டு அந்த ஆள் கத்துது. ஏறினது உங்கடை தங்கச்சிக்கு. உங்களுக்கு எப்பிடி இருக்கு எண்டு அவவை ஒருக்கால் கேட்டியளோ? வந்த நேரம் தொட்டு அவவுக்குத் தண்ணி விடாய். குசினிக்குள்ளை இருந்த எனக்குத் தெரியுது, பக்கத்திலை இருந்த உங்களுக்குத் தெரியேல்லை!"

சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தாயின் கையில் கொடுத்தாள்.

அந்த மனிசி செம்பை வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். செம்பைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வேண்டாம் தங்கச்சி, உந்த வாய்..." என்று அண்ணன் தொடங்கினார்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

சால்வை தோளிலிருந்து நழுவினதுகூட அண்ணனுக்குத் தெரியவில்லை.

"என்ரை மனிசன் போன நாள் தொட்டு எங்கடை வீட்டிலை பேச ஆளில்லை" என்றார் அந்தத் தாய். அண்ணனுக்கு அல்ல, எங்கள் அம்மாவுக்கு. "நான் பெத்த மூண்டும் ஆட்டுக்குட்டியள். நானும் அப்பிடித்தான் இருந்திட்டன். உந்த வாய் எங்கடை வீட்டுக்கு வேணும் பிள்ளை. நாள் பாருங்கோ."

அம்மா தூணை விட்டுவிட்டுத் தரையில் இருந்துவிட்டார். அக்கா அப்போதுதான் தலையைக் குனிந்தாள்.

பொழுது பட்டது. கிழங்கர் கடகத்திலிருந்து எழும்பி வந்தார். "தாயே, நாக்கை நீட்டுங்கோ." நீட்டினார். "நகத்தைக் காட்டுங்கோ." காட்டினார். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். தானே போய்க் கடையாணியைச் செருகி, கல்லால் தட்டி இறுக்கினார். போகிறபோது அந்தத் தாயிடம் சொன்னார்: "குறை நினையாதையுங்கோ. வெங்காயக்காரர் எண்டாலும் உயிர் உயிர்தானே."

மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. அதைவிட அநியாயம், அந்தக் கலியாணத்தைக் கிழங்கர்தான் பிடித்துவைத்து ஒப்பேற்றினார் என்று ஊர் கதை கட்டியது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை. கலியாண வீட்டுக்கு ஒரு கடகம் இராசவள்ளி கொண்டுவந்து இறக்கிவிட்டு, நேரே சமையல்காரரிடம் போய் இஞ்சி எங்கே என்று கேட்டார். மரவள்ளி சமைக்கவில்லை என்று ஐந்தாறு பேர் சத்தியம் செய்த பிறகுதான் பந்தியில் இருந்தார்.

அக்கா சுன்னாகம் போனபிறகும் அவளுக்கு விடுதலை இல்லை. சந்தைக்குப் போகிற வழியிலே அவள் வீடு. கிழங்கர் அங்கேயும் படலையில் கடகத்தை இறக்குவார், இஞ்சி கேட்பார். அக்கா ஏசுவாள். மாமியார் விறாந்தைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்பார். சில நாள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அவரைக் காணக் கிடைக்காது. அதற்கும் ஏச்சு. "பஞ்சி பிடிச்ச மனிசன், வெள்ளாப்பிலை எழும்பக் கள்ளம்" என்று அவருடைய சோம்பலை எங்கள் வீட்டிலும் ஏசுவோம், பக்கத்து வீட்டிலும் ஏசுவார்கள்.

யுத்தம் முடிந்து, அரிசி திரும்பவும் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் அவர் காய்ச்சலிலே செத்துப்போனார். செத்த வீட்டில் அவருக்குப் பக்கத்துக் காணிக்காரி அழுதழுது சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நாளில் மரவள்ளித் தடிக்கு எல்லாரும் அடிபட்டு, எங்கெங்கோ இருந்து வந்த தடியெல்லாம் வாங்கி நட்டார்கள். அதிலே நஞ்சுள்ள கசப்புச் சாமானும் கலந்து வந்தது. பார்வைக்கு ஒன்று மாதிரித்தான் இருக்கும், அதைத் தின்று மாடு செத்த வீடுகளும் உண்டு. கிழங்கர் விடியற்காலையிலே கிண்டின ஒவ்வொரு கிழங்கிலும் ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துத் தின்பாராம். தின்றுவிட்டு வரம்பிலே இருப்பாராம். வெயில் ஏறும் வரைக்கும் தனக்கு ஒன்றும் செய்யாவிட்டால்தான் கடகத்தை நிரப்புவாராம். செய்த நாட்களில் அந்தக் கிழங்கையெல்லாம் புதைத்துவிட்டு, கொட்டிலுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாராம். நாங்கள் பஞ்சி என்று ஏசின நாட்கள் அவை.

இதை எங்களுக்குச் சொன்னால் என்ன? கத்தரிக்காயைப் பற்றிக் கதைக்க வாய் இருந்தது. கண்ட கண்ட ஆட்களுக்குப் பேர் வைக்க வாய் இருந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் இல்லையா? இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா?

அக்கா சுன்னாகத்திலிருந்து வந்திருந்தாள். முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தில், கால்மாட்டிலே போய் நின்றாள். அழுகை வருமோ ஏச்சு வருமோ என்று தெரியாமல் பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

"ஏன் காணும் சொல்லேல்லை?" என்றாள். "ஒரு நாளெண்டாலும் சொல்லியிருக்கலாமே. கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்திருப்பனே."

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த மனிதர்மேல் எனக்குள்ள கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆறிவிட்டால் அவரும் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.